உண்டிச்சாலை வாயிலும் உடைக் கட்டுப்பாடும் – ஒரு நோக்கு

புங்குடுதீவின் ஊர்களுள் ஒன்றான இறுப்பிட்டியிலிருந்து நயினாதீவுக்குச் செல்வோர், குறிகட்டுவான் துறையிற் படகேறி, ஒரு பகற்பொழுதிலேயே இருவேறு உடை ஒழுங்குகளுக்கு உட்படுகின்றனர். நாகபூசணி அம்மன் கோயிலினுள் ஆடவர் மேற்சட்டையைக் களைந்து செல்லல் வேண்டும். அதே கரையில் அமைந்துள்ள நாகதீப விகாரையிலோ தோளும் முழங்காலும் மறைந்திருத்தல் வேண்டும். ஒன்று களையச் சொல்கிறது; மற்றையது மூடச் சொல்கிறது. இவ்விரண்டையும் மக்கள் பெரும்பாலும் மனக்குறையின்றி ஏற்று நடக்கின்றனர். ஒழுங்கு முன்னரே அறியப்பட்டிருத்தலும், வருவோர் எவராயினும் அவர்க்கு அது ஒன்றாகவே இருத்தலும், அங்கு விலைகொடுத்து வாங்கும் பொருள் எதுவும் இல்லாமையும் இதற்குக் காரணங்களாகும். ஆயின் அதே தீவகத்தவர் ஒருவர் பெருநகரொன்றின் ஹோட்டல் வாயிலிற் சாரத்துடன் சென்று நிற்கும்போது எழும் வினா வேறானது. அக்கதவு வணிகத்தின்பொருட்டுத் திறக்கப்பட்டது. பணம் கொடுப்போர் எவரையும் வருக என அழைத்துவிட்டு, வந்தவரின் இடுப்புத் துணியைக் கண்டதும் மூடப்படும் கதவு எவ்வகை உரிமையின்மேல் நிற்கிறது என்பதே ஆராய்தற்குரியது.

தீவகத்தார்க்கு இஃது அயலார் வினாவன்று. நன்னீரும் விளைநிலமும் அருகிய இத்தீவுகளிலிருந்து சென்ற நூற்றாண்டில் தென்னிலங்கை நகரங்களுக்குப் பெயர்ந்து, சாப்பாட்டுக்கடையும் பலசரக்குக்கடையும் சுருட்டுக்கடையும் நடத்தியோர் மிகப் பலர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் அத்தகைய கடைகள் பல எரிந்தன. 1990களின் தொடக்கத்தில் போர் தீவுகளையே வெறுமையாக்கியது. அதன் பின்னர் பாரிசிலும் ரொறன்ரோவிலும் உணவகத் தொழில் மீண்டும் தலையெடுத்தது. வாயிலின் உட்புறத்திற் கல்லாவில் அமர்ந்தவர்களாகவும், வெளிப்புறத்தில் அனுமதிக்காகக் காத்து நின்றவர்களாகவும் இம்மக்கள் இருந்துள்ளனர். இருபுறத்து நியாயமும் அறிந்த சமூகமொன்றிலிருந்து இவ்வினாவை நோக்குவது பொருத்தமானதே.

தமிழுலகில் இவ்வினாவைப் பேசுபொருளாக்கிய நிகழ்ச்சி 2014ஆம் ஆண்டு ஜூலை 11ஆந் திகதி சென்னையில் நடைபெற்றது. சேப்பாக்கத்திலுள்ள தமிழ்நாடு துடுப்பாட்டச் சங்கத்தின் கழகத்தில் நூல் வெளியீட்டு விழாவொன்றுக்கு அழைப்பின்பேரிற் சென்ற சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன், வேட்டி அணிந்திருந்தமையால் உள்ளே விடப்படவில்லை. வேட்டியுடன் சென்ற வழக்கறிஞர் இருவரும் திருப்பியனுப்பப்பட்டனர். கழகத்தின் விதி அவ்வாறு கூறுகிறது என்பதே அளிக்கப்பட்ட விடை. செய்தி வெளியானதும் தமிழகச் சட்டமன்றத்திற் கட்சி வேறுபாடின்றிக் கண்டனம் எழுந்தது. அடுத்த மாதமான ஓகஸ்றில், பொது இடங்களில் நுழைவதற்கு உடை காரணமாக விதிக்கப்படும் தடையை நீக்கும் சட்டமொன்று நிறைவேறியது. கேளிக்கைக் கழகம், சங்கம், நிறுவனம், திரையரங்கு முதலிய இடங்களில், உடை ஒன்றையே காரணமாக்கி எவர்க்கும் நுழைவு மறுத்தல் குற்றமாயிற்று. மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபா வரை தண்டமும் விதிக்கப்படலாம். நிறுவனத்தின் அனுமதிப்பத்திரமும் இரத்தாகலாம். ஆங்கிலேயராட்சி விட்டுச்சென்ற கழகப் பண்பாட்டின் எச்சத்துக்கு ஒரு சட்டமன்றம் இத்துணை விரைவாக விடையிறுத்தமை பாராட்டுக்குரியதே.

எனினும் சட்டமும் ஓர் எழுத்துப் பிரதியே. பிரதியைப் பாராட்டுரைகளினின்றும் பிரித்து வாசித்தல் விமரிசனத்தின் கடமையாகும். இச்சட்டம் பாதுகாப்பது யாரை? தமிழ்ப் பண்பாட்டை வெளிப்படுத்தும் வேட்டியையோ, இந்தியாவின் பிற மரபுடையையோ அணிந்தவரையே அது பாதுகாக்கின்றது. அதுவும் அவ்வேட்டி ஒழுங்கான முறையில் அணியப்பட்டிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையுடன். ஆக, உரிமை மனிதருக்கு அளிக்கப்படவில்லை, துணிக்கே அளிக்கப்பட்டுள்ளது. மனிதர் அத்துணியின் வழியாகவே உரிமைக்குள் நுழைய வேண்டியவராகிறார். கரை வைத்த வெள்ளை வேட்டி பண்பாட்டின் சின்னம் என்பதில் எவர்க்கும் ஐயமிராது. ஆனால் மீனவரும் கூலித் தொழிலாளரும் நாளும் உடுத்தும் கைலி, ஈழத்தவர் சாரம் என்று வழங்குவது, அச்சின்னத்துள் அடங்குமா? மடித்துக் கட்டிய வேட்டி ஒழுங்கானதா, ஒழுங்கற்றதா? இவ்வினாக்களுக்குச் சட்டம் நேர் விடை தரவில்லை. விடை கூறும் அதிகாரம் முதலில் யார் கையிற் போய்ச் சேர்கிறது என்று பார்த்தால், வாயிலில் நிற்கும் அதே காவலாளரின் கையிற்றான் என்பது புலனாகும். 1988இல் ஓவியர் எம். எப். ஹுசைன் வெறுங்காலுடன் சென்றமைக்காகப் பம்பாய் வில்லிங்டன் கழகத்தில் அனுமதி மறுக்கப்பட்டார். அவரது வெறுங்கால் எந்த மரபுடைப் பட்டியலில் இடம்பெறும்?

இக்குறைபாடு தற்செயலானதன்று. அரிபரந்தாமன் நிகழ்ச்சியிற் பலரைச் சினங்கொள்ளச் செய்தது, ஒரு நீதிபதிக்கே இந்நிலையா என்ற எண்ணம். அவமதிக்கப்பட்டது பதவி, அதனைத் துடைக்க உயர்த்தப்பட்டது பண்பாடு. விருந்தினர் என்ற பொது மனிதர் அச்சினத்தின் நடுவே காணாமற் போனார்.

உணவகமொன்றில் உடை காரணமாக எழுந்த பழைய வழக்கொன்றை இவ்விடத்தில் ஒப்புநோக்குதல் பயன்தரும். 1898இல் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் ஒக்கம் என்னும் ஊரில் உள்ள ஹோட்போய் விடுதிக்கு ஹாபெர்ட்டன் சீமாட்டி மிதிவண்டியிற் சென்று மதிய உணவு கேட்டார். நீண்ட பாவாடைக்கு மாறாக, மிதிவண்டி ஓட்டுதற்கேற்ற அகன்ற காற்சட்டை அணிந்திருந்தார். பெண்களை உடலியக்கத்துக்கு ஏற்ற உடை அணியுமாறு தூண்டிய இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் அவர். விடுதிக்கார அம்மையார் கோப்பி அறையில் அவரை அமரவிட மறுத்து, மதுவருந்துவோர் கூடும் மற்றோர் அறையில் உணவு தருவதாகக் கூறினார். பயணிகளை ஏற்று உபசரித்தல் விடுதிக்காரரின் கடமை என்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் பழங்கொள்கை. அக்கொள்கையின்படி 1899இல் வழக்குத் தொடரப்பட்டது. யூரிமார் விடுதிக்கார அம்மையாரைக் குற்றமற்றவர் எனத் தீர்த்தனர். உணவு மறுக்கப்படவில்லையே, வேறு இடத்தில் தருவதாகத்தானே கூறினார் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

‘உணவு தந்தோம், இடந்தான் வேறு’ என்ற இவ்வாதம் யாழ்ப்பாணத்துச் சமூக வரலாறு கற்றோர்க்குப் புதியதன்று. ஒடுக்கப்பட்ட சாதியினர்க்கு யாழ்ப்பாணத் தேநீர்க்கடைகள் தேநீரை மறுத்தன என்று சொல்வது முழு உண்மையாகாது. தேநீர் விற்கப்பட்டது, பணமும் வாங்கப்பட்டது. ஆயின் கடையின் வெளிப்புறத்தில் நிறுத்தியோ நிலத்தில் இருத்தியோ, போத்தலிலும் தகரப்பேணியிலும் அது கொடுக்கப்பட்டது. வாங்கில் அமர்தலும், ஏனையோர் அருந்தும் கிளாசில் அருந்துதலுமே மறுக்கப்பட்டவை. வாடிக்கையாளரின் உரிமை என்பது விலைக்குப் பொருள் பெறும் உரிமை மட்டுமே எனக் கொண்டால், அக்கடைக்காரர்களும் ஒக்கம் விடுதியின் அம்மையாரைப் போலவே குற்றமற்றவராவர். அவ்வாறன்று என்பதை இம்மண்ணில் நிலைநாட்டியது நீதிமன்றமன்று, மக்கள் போராட்டம்.

அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை 1950களில் தேநீர்க்கடைகளைத் திறந்துவிடுமாறு கோரி இயங்கியது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதி காரணமாகக் கடை, உணவகம், கோயில் முதலியவற்றில் நுழைவு மறுத்தலைத் தண்டனைக்குரியதாக்கியது. சட்டம் ஏட்டில் இருந்தது. போத்தலும் பேணியும் கடையில் இருந்தன. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தின் பின்னரும், 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தோன்றிய பின்னருமே நிலைமை அசையத் தொடங்கிற்று. சங்கானைப் பகுதியிற் போராட்டம் உயிரிழப்பு வரை சென்றது. 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலில் நிகழ்ந்தவை நாடறிந்தவை. கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) நாவலுக்குக் கருப்பொருளான காலம் இதுவே. அப்போராட்டத்தில் தாமும் பங்குகொண்ட ஒருவரின் எழுத்தாகையால், தேநீர்க்கடை அங்கே வெறும் பின்னணிக் காட்சியாக நிற்கவில்லை.

அப்போராட்டம் நமது பொருளுக்கு எவ்வகையில் உரியது எனச் சிலர் வினவக்கூடும். அது சாதி பற்றியது, இஃது உடை பற்றியது என்பது அவர்தம் எண்ணமாகலாம். யாழ்ப்பாணத்தில் இவ்விரண்டும் ஒரு காலத்திற் பிரிந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதி ஆடவர் முழங்காலுக்குக் கீழே வேட்டி தழைய உடுத்தலாகாது. தோளிற் சால்வை இடலாகாது. சட்டையோ செருப்போ அணிந்து வீதியிற் செல்லலாகாது. பெண்டிர் மேலுடம்பை இரவிக்கையால் மறைத்தலும் தடுக்கப்பட்டது. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடி 1859இலேயே அரச ஆணை பெற்றனர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. உடை என்பது இன்னார் எனக் காட்டும் அடையாளமாக வலிந்து சுமத்தப்பட்டது. கடைக்காரர் ஒருவர் வந்தவரின் சாதியை வினவ வேண்டிய தேவையே இருக்கவில்லை. இடுப்புத் துணி எங்கே முடிகிறது, தோளில் என்ன இருக்கிறது என்று பார்த்தாற் போதும். எந்த வேட்டியின் பெயரால் 2014இற் சட்டம் இயற்றப்பட்டதோ, அதே வேட்டி கணுக்கால் வரை தழைவது இம்மண்ணில் ஒரு சாராரின் தனிச் சலுகையாக இருந்தது. வேட்டியைத் தமிழரனைவரின் பொதுப் பண்பாட்டுச் சின்னமாகப் போற்றுவோர் இவ்வரலாற்றைக் கடந்து செல்ல முடியாது. கழக வாயிலில் வேட்டி பட்ட பாட்டை, வேட்டி தான் பிறரைப் படுத்திய பாட்டோடு சேர்த்தே வாசித்தல் வேண்டும்.

இவ்வாறு நோக்குமிடத்து, உடைக் கட்டுப்பாட்டின் உண்மையான தொழில் யாது என்பது தெளிவாகும். நேராகக் கேட்கவியலாத வினா ஒன்றை அது மறைமுகமாகக் கேட்கிறது. சாதியும் மதமும் கேட்டறிந்து ஒருவரை விலக்கச் சட்டம் இன்று இடமளியாது. உடையைக் கேட்க இடமளிக்கிறது. இலங்கை நிலைமை இதற்குத் தக்க சான்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் என்பவை காரணமாகக் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுக் களியாட்ட இடங்கள் ஆகியவற்றில் எவரும் நுழைவுத் தடைக்கு உட்படலாகாது என விதிக்கிறது. இந்திய அரசியலமைப்பின் 15(2)ஆம் உறுப்புரையும் பெரிதும் இத்தகையதே. இரண்டிலும் உடை என்ற சொல் இல்லை. இலங்கை உறுப்புரைக்கு மற்றுமொரு குறையும் உண்டு. அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்தை நேரே நாடும் வழி, ஆட்சித்துறை அல்லது நிருவாகச் செயலால் நேர்ந்த மீறலுக்கே திறந்துள்ளது. ஹோட்டலின் பெயரைச் சொல்லி உரிமை தந்த யாப்பு, ஹோட்டல்காரர் அதனை மீறும்போது நாடுவதற்குரிய வாயிலைத் தரவில்லை. 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வணிகர் தம்மிடமுள்ள பொருளை விற்க மறுத்தலாகாது என்கிறது. பொருளைப் பற்றித்தான் அதுவும் பேசுகிறது, வாங்கைப் பற்றியன்று. ஒக்கம் விடுதியின் வாதம் நூறாண்டுக்குப் பின்னரும் இந்த இடைவெளியில் உயிர்வாழ்கிறது.

2019ஆம் ஆண்டு ஏப்பிரலில் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் இவ்விடைவெளியின் அகலம் வெளிப்பட்டது. அவசரகால ஒழுங்குவிதி தடுத்தது முகத்தை மூடுதலை மட்டுமே. ஆயினும் முகம் திறந்து தலையை மட்டும் மூடியிருந்த முஸ்லிம் பெண்களும், அபாயா அணிந்தோரும் கடைகளிலும் பிற நிறுவனங்களிலும் திருப்பியனுப்பப்பட்டனர். மதம் காரணமாக மறுத்தோம் என எவரும் கூறவில்லை. உடையே காரணமாயிற்று.

தொழில் நடத்துவோர் தரப்பிலும் நியாயமுண்டு. அதனை எள்ளி ஒதுக்குதல் நேர்மையாகாது. தன் இல்லத்துக்கு ஒழுங்கு வகுக்கும் உரிமை இல்லத்தார்க்கு உண்டு. உறுப்பினர் தமக்குள் கூடிக்கொள்ளும் கழகமொன்று தமக்குள்ளே எவ்வுடையும் விதித்துக்கொள்ளட்டும். ஆனால் சேப்பாக்கத்தில் நடந்தது உறுப்பினர் கூட்டமன்று, வெளியாரை அழைத்து நடத்திய விழா. மண்டபத்தை வாடகைக்கு விடும் நேரத்திற் கழகம் வணிகராகிவிடுகிறது. காற்சட்டை விதியை எடுத்துரைக்கும் நேரத்தில் மட்டும் மீண்டும் இல்லத்தாராகி விடுகிறது. இரண்டு தொப்பிகளையும் ஒருவர் ஒரே வேளையில் அணிய இயலாது. நீச்சல் தடாகத்துக்குத் தனியுடை, சமையற்கட்டினுள் தலைமூடி, ஈரமும் மணலும் உள்ளே வராதிருக்கக் கால் கழுவுதல் ஆகியவை தொழிலின் தேவையிலிருந்து பிறந்த விதிகள். எதற்காக என்று கேட்டால் அவற்றுக்கு விடையுண்டு. ‘எமது விருந்தினரின் தரம்’ என்பது அவ்வகை விடையன்று. அது விருந்தினரைப் பற்றிய மதிப்பீடு, தொழிலின் தேவையன்று. 2021இல் தில்லி உணவகமொன்றிற் சேலை அணிந்த பெண்ணொருவர் மறுக்கப்பட்டதாக எழுந்த சர்ச்சையிலும் பேசப்பட்டது இத்தகைய தரமே.

1943இல் மேற்கிந்தியத் துடுப்பாட்ட வீரர் லியரி கொன்ஸ்ரன்ரைன் இலண்டன் இம்பீரியல் ஹோட்டலில், முன்னரே இடம் ஒதுக்கியிருந்தும், தங்கவிடப்படாமல் வேறு ஹோட்டலுக்குச் செல்ல நேர்ந்தது. அங்கும் ‘வேறிடம் கிடைத்ததே’ என்ற நியாயம் சொல்ல முடிந்திருக்கும். 1944இல் தீர்ப்பளித்த நீதிபதி, பொருளிழப்பு எதுவும் காட்டப்படாதபோதும் உரிமை மீறப்பட்டது மீறப்பட்டதே எனக் கொண்டு ஐந்து கினி இழப்பீடு வழங்கினார். தொகை அற்பமானது. எனினும் 1899இன் யூரிமார் காணத் தவறியதை அத்தீர்ப்பு கண்டது. அவர் தோலின் நிறம் காரணமாக மறுக்கப்பட்டவர். நன்கு உடுத்தவராக இருந்தும் அவ்வுடை அவருக்கு உதவவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

2014ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர் நிகழ்ந்த இரண்டினை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அதன் எல்லை விளங்கும். 2023 மார்ச் 30இற் சென்னைக் கோயம்பேட்டுத் திரையரங்கொன்றின் வாயிலில் நரிக்குறவர் குடும்பமொன்று நுழைவுச்சீட்டு கையில் இருந்தும் தடுத்து நிறுத்தப்பட்டது. அருகில் நின்றோர் குரலெழுப்பிய பின்னரே உள்ளே விடப்பட்டனர். படத்துக்குரிய வயதுச் சான்றிதழைத் திரையரங்கு காரணம் காட்டியது. பார்த்தோர் கண்டது வேறு. திரையரங்கு அச்சட்டத்துக்கு உட்பட்ட இடமே. ஆனால் அவர்கள் மேலிருந்தது வேட்டியன்று, வறுமை. வறுமை எந்த மரபுடைப் பட்டியலிலும் இல்லை. 2024 ஜூலையில், வேட்டிச் சட்டம் இல்லாத கருநாடகத்தின் தலைநகர் பெங்களூரில், படம் பார்க்க மகனுடன் வந்த முதிய உழவர் ஒருவர் வேட்டி காரணமாக வணிக வளாகமொன்றில் நிறுத்தப்பட்டார். மாநில அரசு அவ்வளாகத்தை ஏழு நாட்கள் மூடுமாறு பணித்தது. ஆக, நீதிபதிக்கு நேர்ந்ததனாற் சட்டம் பிறந்தது. உழவருக்கு நேர்ந்தது படமெடுக்கப்பட்டுப் பரவியதால் ஒரு வாரக் கதவடைப்புக் கிடைத்தது. எவரும் படமெடுக்காத வாயில்கள் எத்தனையோ.

இலங்கையில் இத்துறையிற் சட்டமியற்ற முன்வருவோர் சென்னைச் சட்டத்தைப் பெயர்த்தெழுதிச் சாரத்தையும் ஒசரிச் சேலையையும் பட்டியலிற் சேர்த்தால் அதே பிழை தொடரும். பட்டியல் உடைக்கு அன்று, உடைமையாளரின் காரணத்துக்கே வேண்டப்படுவது. விதி விதிப்பவரே அதன் தொழிற்றேவையைக் காட்டும் பொறுப்புடையராதல் வேண்டும். அவ்விதி இடம் ஒதுக்கும்போதே, பணம் வாங்குமுன்னரே, வருவோரின் மொழியில் அறிவிக்கப்படல் வேண்டும். மறுத்தால் வாங்கிய பணம் அவ்விடத்திலேயே திரும்பல் வேண்டும். ‘வேறிடத்தில் தருகிறோம்’ என்பது விடையாகக் கொள்ளப்படலாகாது. 12(3)ஆம் உறுப்புரையைத் தனியார் நிறுவனத்துக்கெதிராகவும் நடைமுறைப்படுத்தும் வழி திறக்கப்படாதவரை இவற்றுட் பெரும்பகுதி ஏட்டளவினதாகவே நிற்கும் என்பதையும், 1957இன் சட்டத்துக்கு நேர்ந்தது அதுவே என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கற்பாலது. உல்லாசப் பயணிகளை ஈர்க்கும் பெரிய ஹோட்டல்களில், வாயிற்கதவைத் திறந்து வணக்கம் கூறுபவர்க்கும் தட்டேந்தி வருபவர்க்கும் மரபுடையே சீருடையாக அளிக்கப்படுவதுண்டு. விருந்தினரின் புகைப்படத்தில் அவ்வுடை அழகு சேர்க்கிறது. அதே உடையில் அவருடைய தந்தையோ தமையனோ ஊரிலிருந்து வந்து, பையிற் பணத்துடன், ஒரு கோப்பை தேநீர் வேண்டுமென அக்கதவண்டை நின்றால், எந்த விதியைக் காட்டி அவரே அவர்களை நிறுத்த வேண்டியிருக்கும் என்பதை அந்நிறுவனங்களின் கைந்நூல்கள் சொல்வதில்லை.